எக்ஸ்ரே அறையில் பிள்ளைகளைப் பிடிக்கச் சொல்கிறார்கள், நான் முழுகாமல் இருக்கிறேன். சட்டம் என்ன சொல்கிறது?

மலர் (டிக்கோயாப் பக்கம்) கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். டவுனில் ஒரு தனியார் மருத்துவ சென்டரில் வேலை செய்கிறேன். சென்டரின் பெயர் வேண்டாம். என்னை எடுத்தது கவுண்டருக்கு. பில் போடுவது, போன் எடுப்பது, டொக்டருக்கு நம்பர் கொடுப்பது, ரிப்போர்ட்டைக் கவரில் போட்டுக் கொடுப்பது, இவ்வளவுதான் வேலை என்றார்கள். ஆனால் எக்ஸ்ரே அறையில் ஒரு சின்னப் பிள்ளை கத்தினாலோ, நிற்க முடியாத பாட்டி யாரும் வந்தாலோ "மலர், கொஞ்சம் வாங்க" என்று கூப்பிடுவார்கள். நான் போய்ப் பிடிக்க வேண்டும். தாய் தகப்பன் வெளியே பெஞ்சில் இருப்பார்கள், நான் உள்ளே நிற்பேன். படம் எடுக்கிற அண்ணன் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய் பட்டனை அமுக்குவார்.

ஈய ஏப்ரன் ஒன்று இருக்கிறது. கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். மடிந்து மடிந்து, நடுவில் மேல்துணி வெடித்து உள்ளே கறுப்பாகத் தெரிகிறது. சில நேரம் அதைப் போடவும் விடமாட்டார்கள், வெளியே ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று அவசரப்படுத்துவார்கள். அண்ணனின் சட்டைப் பையில் ஒரு சின்ன பேட்ஜ் இருக்கும், உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று அதில் பார்க்கலாமாம். எனக்கு அது இல்லை. கேட்டதற்கு "நீங்க கவுண்டர் ஸ்டாஃப்தானே, உங்களுக்கு எதுக்கு" என்றார் முதலாளி.

இப்போது மூன்றாம் மாதம் நடக்கிறது. லயத்து வரிசை வீட்டில் மாமியாருக்கும் பக்கத்துக் காம்பரா (அறை) அக்காவுக்கும் மட்டும்தான் தெரியும். அந்த அக்கா, கதிர் பட்ட பிள்ளை ஊனமாகத்தான் பிறக்கும், இப்போதே ஏதாவது செய்துவிடு என்கிறார். அதைக் கேட்டதிலிருந்து தூக்கம் இல்லை. கணவர் கொழும்பில் கடை வேலை, அவர் வேலையை விட்டுவிடு என்கிறார். விட்டால் எப்படி? அம்மா இன்னும் கொழுந்து எடுக்கத்தான் போகிறார், மழைக் காலத்தில் அரைப் பேர் (அரை நாள் சம்பளம்) விழுவதே பெரிய பாடு. தம்பி ஏ.எல். படிக்கிறான்.

முதலாளியிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் நிறுத்திவிடுவாரோ என்று பயம். இதற்கெல்லாம் நம் நாட்டில் சட்டம் இருக்கிறதா? இருந்தால் என்னைப் போன்ற ஆளுக்கு அது பொருந்துமா? இன்னொன்று, கவுண்டரில் என் நாற்காலி எக்ஸ்ரே அறைச் சுவரோடு ஒட்டித்தான் இருக்கிறது. அதுவும் ஆபத்தா?

ராஜு (லிந்துலை) எழுதியது:

தங்கச்சி, யோசிக்கவே வேண்டாம், உடனே வேலையை விடு. எக்ஸ்ரே எடுத்த பிறகும் அந்த அறைக்குள் கதிர் நின்றுகொண்டே இருக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எங்கள் தோட்டத்தில் லயத்துக்கு மேலே மேட்டில் போன் டவர் போட்டார்கள். அதுவும் இதே கதிர்தான். நாங்கள் எல்லோரும் கையெழுத்து வைத்துக் கொடுத்தோம், ஒன்றும் நடக்கவில்லை. இந்த நாட்டில் சட்டம் எல்லாம் கொழும்போடு சரி.

பழைய ரேடியோகிராபர் எழுதியது:

மகள், நான் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் எக்ஸ்ரே எடுத்து ஓய்வு பெற்றவன். பதுளை, நுவரெலியா, கடைசியில் கண்டி. கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்.

முதலில் பிள்ளை விஷயம். பக்கத்துக் காம்பரா அக்கா சொன்னதைக் காதில் வாங்காதே. வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு 100 மில்லி கிரேக்கு (உடம்பு வாங்கும் கதிரை அளக்கிற அலகு அது) குறைவாகக் கதிர் பட்டிருந்தால் அதைக் காரணமாக வைத்துக் கருவைக் கலைக்கக் கூடாது என்று சர்வதேசக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணைக்குழு 2000 ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்துவிட்டது. உனக்குப் பட்டது அந்தக் கணக்குக்குக் கிட்டவே வராது. நீ நின்றது நேர்க் கதிரில் இல்லை, பக்கத்தில். உன்மேல் பட்டது, பிள்ளையின் உடம்பில் மோதிச் சிதறி வருகிற மிச்சம். சின்னப் பிள்ளையின் நெஞ்சுப் படம் ஒன்றுக்கு, பக்கத்தில் பிடித்து நிற்கிறவருக்கு வருவது பெரும்பாலும் ஒரு மில்லி சீவர்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே. பெரியவர்களின் இடுப்பு, முதுகெலும்புப் படம் என்றால் கூடும், ஆனாலும் சின்னக் கணக்குதான். மில்லி சீவர்ட், மில்லி கிரே இரண்டையும் எக்ஸ்ரேயைப் பொறுத்தவரை ஒன்றாகவே வைத்துக்கொள். ஆகவே தூங்கு.

அதற்காக "ஒன்றும் இல்லை, தொடர்ந்து பிடி" என்று நான் சொல்லவில்லை. ஒரு தடவை பட்டது சின்னக் கணக்கு என்பது ஒரு விஷயம். பட வேண்டிய அவசியமே இல்லாத ஆளுக்கு நாள்தோறும் படுவது வேறு விஷயம். சட்டம் வந்ததே இந்த இரண்டாவதுக்காகத்தான்.

சட்டம் இருக்கிறது. 2014 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்க இலங்கை அணுசக்திச் சட்டம். 2015 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. பெயரைக் கேட்டு அணுகுண்டு, அணு உலை என்று நினைக்க வேண்டாம், நம் ஊர் பல் டொக்டரின் சின்ன எக்ஸ்ரே மெஷினும் இதற்குள்தான் வருகிறது. அதற்கு முன் 1969 இன் 19 ஆம் இலக்கச் சட்டம் இருந்தது. அந்தக் காலத்தில் ஒரே அதிகார சபைதான் அணுசக்தியை வளர்க்கவும் செய்யும், அதே வேலையைக் கண்காணிக்கவும் செய்யும். புதுச் சட்டம் அதை இரண்டாகப் பிரித்தது. அணுசக்தி சபை ஒன்று, லைசன்ஸ் கொடுத்துக் கண்காணிக்கும் ஒழுங்குபடுத்தும் பேரவை இன்னொன்று. பேரவையின் லைசன்ஸ் இல்லாமல் எக்ஸ்ரே மெஷினை ஓட்ட முடியாது. அரசாங்க ஆஸ்பத்திரியானாலும் தனியார் சென்டரானாலும் அப்படித்தான். இதைத் தவிர தனியார் இடம் என்றால் 2006 இன் 21 ஆம் இலக்கச் சட்டப்படி தனியார் மருத்துவ நிறுவனமாகப் பதிவும் செய்திருக்க வேண்டும்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். உனக்குப் பொருந்துமா? உனக்குத்தான் ரொம்பப் பொருந்தும்.

கதிரோடு வேலை செய்கிறவருக்கு ஒரு எல்லை, மற்ற எல்லோருக்கும் வேறு எல்லை. கதிர் வேலைக்காரருக்கு வருஷத்துக்கு 20 மில்லி சீவர்ட், அதுவும் ஐந்து வருஷச் சராசரியாக. எந்த ஒரு வருஷத்திலும் 50 ஐத் தாண்டக் கூடாது. பொதுமக்களுக்கு வருஷத்துக்கு 1. சர்வதேச அணுசக்தி முகமையின் அடிப்படைத் தரம் இது. இலங்கை 1957 இலிருந்து அதில் உறுப்பினர், நம் விதிகளும் அந்த வழியில் வந்தவை. கதிரோடு சம்பந்தமில்லாத வேலைக்கு எடுக்கப்பட்டு, அதே கட்டிடத்தில் இருக்கிற கிளார்க், துப்புரவு செய்கிறவர், கவுண்டர்ப் பிள்ளை எல்லோருக்கும் பொதுமக்களுக்குரிய பாதுகாப்புத்தான் கொடுக்க வேண்டும்.

உன் முதலாளி என்ன செய்கிறார் பார். பேட்ஜ் கேட்டால் நீ கவுண்டர் ஸ்டாஃப். பிள்ளை கத்தினால் நீ எக்ஸ்ரே ஸ்டாஃப். இந்த இரண்டுங்கெட்டான் நிலைமை சட்டத்தில் கிடையாது. நீ கவுண்டர் ஆள் என்றால் படம் எடுக்கும் நேரத்தில் அந்த அறைக்குள் உனக்கு வேலை இல்லை. தொடர்ந்து உள்ளே கூப்பிடுவதென்றால் உன்னைக் கதிர் வேலைக்காரியாகப் பதிந்து, பயிற்சி கொடுத்து, பேட்ஜ் கொடுத்து, அதில் வரும் கணக்கை எழுதி வைக்க வேண்டும். அந்தச் செலவு எல்லாம் அவருடையது, உன் சம்பளத்தில் வெட்ட முடியாது. அந்தக் கணக்கை உனக்கு 75 வயதாகும் வரையும், வேலையை விட்டு 30 வருஷத்துக்குக் குறையாமலும் வைத்திருக்க வேண்டும் என்று தரத்தில் இருக்கிறது. அவ்வளவு பெரிய பொறுப்பு. ஆணியில் தொங்குகிற ஏப்ரனோடு முடிகிற காரியம் இல்லை.

பேட்ஜைப் பற்றி ஒன்று. அது காப்பாற்றாது, கணக்கு மட்டும்தான் எடுக்கும். ஏப்ரனுக்கு உள்ளே, நெஞ்சில் குத்த வேண்டும். குறித்த காலத்துக்கு ஒரு தடவை அனுப்பிப் படிக்க வைக்க வேண்டும். அணுசக்தி சபை அந்தச் சேவையைச் செய்கிறது. மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டு வேலை செய்த ஆட்களையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் கணக்கில் எப்போதும் பூச்சியம்தான், லாச்சிக்கு நல்ல பாதுகாப்பு.

பிள்ளையைப் பிடிக்கிற விஷயத்துக்கு முறை என்னவென்றால், முதலில் யாரும் பிடிக்காமல் எடுக்கப் பார்க்க வேண்டும். சின்னப் பிள்ளையைப் பெட்ஷீட்டால் இறுக்கிச் சுற்றலாம், ஸ்பொஞ்ச், மணல் பை வைக்கலாம், பட்டியால் கட்டலாம். அப்படியும் முடியாவிட்டால் தாயோ தகப்பனோ மாமாவோ பிடிக்க வேண்டும். 18 வயதுக்குக் குறைந்தவரும் கர்ப்பிணியும் பிடிக்கக் கூடாது. பிடிக்கிறவருக்கு ஏப்ரன் போட்டு, கதிர் போகிற பாதைக்குப் பக்கவாட்டில் நிறுத்த வேண்டும். சொந்தக்காரர் ஒரு தடவை பிடிப்பார், வீட்டுக்குப் போவார். ஸ்டாஃப் ஒருவரையே பிடிக்க வைத்தால் எல்லாப் பிள்ளைகளின் சிதறலும் அந்த ஒருவர் மேல் சேரும். அதனால்தான் ஸ்டாஃபை வழக்கமாகப் பிடிக்க வைக்கக் கூடாது என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது.

இதில் படம் எடுக்கிறவரின் கெட்டித்தனமும் உண்டு. நம் பக்கத்துக் குளிருக்குப் பிள்ளைக்கு உள்ளே ஒரு பெனியன், மேலே ஒரு சட்டை, அதற்கு மேலே சிப் வைத்த ஸ்வெட்டர், கழுத்தில் தாயத்து, இடுப்பில் வெள்ளி அரைஞாண். அவசரத்தில் அப்படியே எடுத்தால் சிப்பும் தாயத்தும் நெஞ்சுக்கூட்டுக்கு நடுவே வெள்ளை வெளேரென்று விழும். டொக்டர் திருப்பி எடுக்கச் சொல்வார். ஒரு படத்துக்கு இரண்டு படக் கதிர், பிடிக்கிறவருக்கும் இரண்டு. நுவரெலியாவில் நான் அறைக்குள் ஒரு சின்ன ஹீட்டர் வைத்து, தாயிடம் ஆறுதலாகக் கழற்றச் சொல்வேன். கத்துகிற பிள்ளை ஒரு கத்தலுக்கும் அடுத்த கத்தலுக்கும் நடுவே வயிறு குழிய ஒரு மூச்சு இழுக்கும் பார், அந்த இடத்தில் பட்டனை அமுக்கினால் பெரியவர்களிடம் கூடக் கிடைக்காத நல்ல படம் கிடைக்கும். அதற்குப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும், கவுண்டரில் நிற்கிற வரிசையைப் பார்த்துக்கொண்டு இருந்தால் நடக்காது.

ஏப்ரன் வெடித்திருக்கிறது என்றாய். மேல்துணி கிழிந்தது முக்கியமில்லை, உள்ளே இருக்கிற ஈயத் தகடு வெடித்திருக்கிறதா என்பதுதான் விஷயம். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஏப்ரனையே மேசையில் விரித்து எக்ஸ்ரே எடுத்தால் வெடிப்பு கறுப்புக் கோடாகத் தெரியும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது அப்படிப் பார்க்க வேண்டும். ஏப்ரனை மடிக்கவே கூடாது, ஆணியில் மாட்டவும் கூடாது, தடித்த உருளைக் கம்பியில் போட வேண்டும். இதற்குப் பெரிய செலவு இல்லை. தண்ணீர்க் குழாய்த் துண்டு ஒன்று போதும்.

கர்ப்ப விஷயத்தில் விதி இன்னும் தெளிவு. நீ தெரிவித்த நேரத்திலிருந்து வயிற்றில் இருக்கும் பிள்ளையைப் பொதுமகனாகத்தான் கணக்கில் எடுக்க வேண்டும், மிச்சக் காலம் முழுவதுக்கும் 1 மில்லி சீவர்ட். வேலையை அதற்கு ஏற்றபடி மாற்றிக் கொடுப்பது முதலாளியின் கடமை. தெரிவித்ததைக் காரணம் காட்டி வேலையிலிருந்து விலக்கக் கூடாது என்று அதே தரத்தில் எழுதியிருக்கிறது. ஆனால் தெரிவித்தால்தான் கடமை தொடங்கும். வாயால் சொல்லிவிட்டு வராதே, எழுதிக் கொடு.

ராஜு தம்பிக்கு: டோர்ச்சை அணைத்த பிறகு அறைக்குள் வெளிச்சம் தங்குமா? எக்ஸ்ரேயும் அப்படித்தான். பட்டனை விட்ட கணத்தில் முடிந்தது, சுவரிலும் கட்டிலிலும் ஒன்றும் ஒட்டியிருக்காது. டவர் வேறு சாதி. அது ரேடியோ அலை, அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிரித்து அயனாக்குகிற சக்தி அதற்கு இல்லை. அதனால் இந்தச் சட்டத்துக்குள் அது வராது, 1991 இன் 25 ஆம் இலக்கச் சட்டப்படி தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுதான் அதற்கு. நீங்கள் மனுவை யாருக்குக் கொடுத்தீர்கள்?

ராஜு (லிந்துலை) எழுதியது:

பிரதேச சபைக்கும் தோட்டத்துத் துரைக்கும் கொடுத்தோம் ஐயா. சரி, எங்கே கொடுக்க வேண்டும் என்பது இப்போது விளங்குகிறது. ஆனாலும் கதிரே இல்லாத இடத்தில் இருப்பதுதானே நல்லது?

பழைய ரேடியோகிராபர் எழுதியது:

கதிரே இல்லாத இடத்துக்கு எங்கே போவாய் தம்பி? மண்ணிலிருந்தும் சாப்பாட்டிலிருந்தும் வானத்திலிருந்தும் உலகத்தில் ஒரு ஆளுக்குச் சராசரியாக வருஷத்துக்கு 2.4 மில்லி சீவர்ட் தானாகவே வருகிறது. மலைக்கு மேலே இருக்கிற நமக்கு, வானத்திலிருந்து வருவது கொழும்புக்காரரைவிடக் கொஞ்சம் கூட. பலாங்கொடைப் பக்கம் 1904 இல் ஆனந்த குமாரசாமி கண்டுபிடித்த தோரியனைட் என்கிற கனியம் கதிர்வீசும் தோரியம் நிறைந்தது. கலை, சிற்பம் என்று பின்னால் பேர் எடுத்தவர் முதலில் கல்லு மண்ணைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தார். சட்டம் போடும் 1 மில்லி சீவர்ட் எல்லை இந்த இயற்கைக் கணக்குக்கு மேலே, மனிதன் சேர்ப்பதற்கு மட்டும்.

கிளினிக் அக்கா எழுதியது:

மலர் தங்கச்சி, நான் நர்ஸ். ஐயா சொன்னதோடு இரண்டு மூன்று விஷயம் சேர்க்கிறேன்.

கலைக்கிறதுக்கு என்று டவுனில் ஒளித்து வைத்து மாத்திரை விற்கிறார்கள். அந்தப் பக்கமே போகாதே. இரத்தம் நிற்காமல் வாட்டுக்குத் தூக்கி வருகிற பிள்ளைகளை நாங்கள் பார்க்கிறோம். நம் நாட்டில் தாயின் உயிருக்கு ஆபத்து என்றாலொழிய கருவைக் கலைப்பது குற்றமும்கூட.

மிட்வைஃப் மிஸ்ஸிடம் பதிந்தாயா? இல்லையென்றால் இந்தக் கிழமையே பதி. எக்ஸ்ரே அறையில் நின்ற விஷயத்தையும் அவரிடம் சொல்லி, கிளினிக் டொக்டரையும் காட்டச் சொல். ஐந்தாம் மாதம் மட்டில் பிள்ளையின் உறுப்புகளைப் பார்க்கிற ஸ்கேன் எடுப்பார்கள். ஸ்கேன் என்றதும் பயப்படாதே, அது ஒலி அலை, எக்ஸ்ரேக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இரும்புச்சத்துக் குளிசையை ஒழுங்காகக் குடி. நம் பக்கத்துப் பிள்ளைத்தாய்ச்சிகளுக்குக் கதிரைவிட இரத்தம் குறைவதுதான் பெரிய வில்லங்கம்.

வேலை நிறுத்துவார் என்ற பயத்துக்கு: கர்ப்பத்தைக் காரணம் காட்டி நிறுத்த முடியாது. கடை, அலுவலக ஊழியர்களுக்கான 1954 இன் 19 ஆம் இலக்கச் சட்டத்திலும் இருக்கிறது, 1939 இன் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்திலும் இருக்கிறது. பிரச்சினை வந்தால் ஹட்டனில் தொழில் திணைக்கள அலுவலகம் இருக்கிறது. ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) போடுகிறார்களா என்று இப்போதே பார்த்து வை. போடுகிறார்கள் என்றால் நீ அங்கே வேலை செய்கிறாய் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

மலர் எழுதியது:

ஐயாவுக்கும் அக்காவுக்கும் நன்றி. நேற்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன். மிட்வைஃப் மிஸ்ஸிடம் பதிந்துவிட்டேன், அட்டை கிடைத்தது. ஈ.பி.எப். போடுகிறார்கள்.

சென்டரில் லைசன்ஸை ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். சுவரில் தனியார் மருத்துவ நிறுவனப் பதிவு மட்டும்தான் இருக்கிறது. எக்ஸ்ரே லைசன்ஸைப் பற்றி அண்ணனிடம் கேட்டேன், ஃபைலில் இருக்கும் என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

என் நாற்காலிச் சுவர் செங்கல் சுவர்தான், ஒன்பது அங்குலம் இருக்கும். ஆனால் எக்ஸ்ரே அறைக் கதவு சும்மா பலகைக் கதவு, கவுண்டர்ப் பக்கம்தான் திறக்கிறது. ஆட்கள் நெருக்கமாக இருந்தால் சாத்தாமலே எடுப்பதும் உண்டு. கதவுக்கு மேலே சிவப்பு பல்ப் இருக்கிறது, எரிந்து நான் பார்த்ததில்லை. கடிதம் எப்படி எழுதுவது ஐயா?

பழைய ரேடியோகிராபர் எழுதியது:

நல்ல சுவர். ஆனால் சுவரின் கனத்தைவிட முக்கியமானது, நேர்க் கதிர் எந்தப் பக்கம் போகிறது என்பது. நெஞ்சுப் படம் எடுக்க நிற்க வைக்கிற ஸ்டாண்ட் எந்தச் சுவரில் பூட்டியிருக்கிறது? அந்தச் சுவரை நோக்கித்தான் முழுக் கதிரும் போகும். அதற்குப் பின்னால் உன் நாற்காலி இருந்தால் ஒரு பேச்சு, இல்லாவிட்டால் வேறு பேச்சு.

மலர் எழுதியது:

ஸ்டாண்ட் பின் சுவரில் இருக்கிறது ஐயா. அந்தச் சுவருக்குப் பின்னால் மண்மேடு, மேட்டை வெட்டித்தான் கடை கட்டியிருக்கிறார்கள். மேலே ரோடு.

பழைய ரேடியோகிராபர் எழுதியது:

அப்படியானால் கட்டியவனுக்குத் தெரியாமலே நல்லது செய்திருக்கிறான். மண்மேட்டை ஊடுருவி எக்ஸ்ரே எங்கேயும் போகாது, ஈயத்தைவிட மலிவு வேறு. உன் நாற்காலிப் பக்கம் வருவது சிதறல் மட்டும், அதை ஒன்பது அங்குலச் செங்கல் நன்றாகவே தடுக்கும். உன் பிரச்சினை கதவு. பலகைக் கதவு சிதறலைத் தடுக்காது, உள்ளே ஈயத் தகடு வைத்திருக்க வேண்டும். திறந்து வைத்து எடுப்பதற்கு எந்தச் சாக்கும் கிடையாது. அது உனக்கு மட்டுமில்லை, பெஞ்சில் இருக்கிற எல்லோருக்கும். லைசன்ஸ் கொடுக்கும்போது அறையின் அமைப்பு, கதவு, எச்சரிக்கைப் பலகை, பல்ப் எல்லாம் பார்க்கிற விஷயங்கள்தான். அதற்குள் உன்னால் செய்யக் கூடியது ஒன்று. நாற்காலியைக் கதவுக்கு நேரே இல்லாமல் தள்ளிப் போடு. தூரம் இரண்டு மடங்கானால் கதிர் நாலில் ஒன்றாகும், மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒன்று.

கடிதம் இப்படி எழுது. சண்டை பிடிக்கிற தொனி வேண்டாம்.

"ஐயா, நான் கர்ப்பமாக இருக்கிறேன் என்பதை இத்தால் அறியத் தருகிறேன். எனது நியமனம் கவுண்டர் வேலைக்கானது. ஆயினும் எக்ஸ்ரே எடுக்கும்போது நோயாளிகளைப் பிடிப்பதற்கு என்னை அறைக்குள் அழைக்கிறார்கள். இன்று முதல் எனக்கு அந்த வேலையைத் தர வேண்டாம் என்றும், படம் எடுக்கும்போது அறைக் கதவு மூடப்பட்டிருப்பதை உறுதிசெய்யுமாறும் கேட்டுக்கொள்கிறேன். எனது கவுண்டர் வேலையைத் தொடர்ந்து செய்ய நான் தயாராக இருக்கிறேன்."

திகதி போடு. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் "கிடைத்தது" என்று கையெழுத்து வாங்கு. வாங்க மாட்டேன் என்றால் பதிவுத் தபாலில் அனுப்பு, துண்டைப் பத்திரமாக வை. கடைசி வரியை விட்டுவிடாதே, நீயாக விலகினாய் என்று பின்னால் யாரும் சொல்லக் கூடாது.

லைசன்ஸ் இருக்கிறதா என்று முதலாளியிடம் முட்டி மோத வேண்டாம். ஒழுங்குபடுத்தும் பேரவை ஒரு அரசாங்க நிறுவனம், ஆகவே 2016 இன் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி யாரும் அவர்களிடம் கேட்கலாம். தமிழிலேயே எழுதலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவோமா மாட்டோமா என்று முடிவு சொல்ல வேண்டும். நீ கேட்டால் சங்கடம் என்றால் உன் தம்பி கேட்கட்டும். ஏ.எல். படிக்கிற பையனுக்கு அதுவும் ஒரு படிப்பு.

படம் எடுக்கிற அந்த அண்ணனைப் பகைத்துக்கொள்ளாதே. அவனும் சம்பளத்துக்கு நிற்கிறவன். ஆனால் ஒன்றை அவனிடம் சொல்: எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி மெஷினைச் சோதிப்பதற்குத் தன் கையையே வைத்துப் பார்த்துப் பார்த்து 1904 இல் செத்துப்போனார், கை இரண்டையும் வெட்டிய பிறகும் பிழைக்கவில்லை. ஜெர்மனியில் ஹம்பர்க் நகரத்தில் 1936 இல், எக்ஸ்ரேயாலும் ரேடியத்தாலும் செத்த வேலைக்காரர்கள் 169 பேரின் பெயரை வெட்டி ஒரு கல் நட்டார்கள். கண்ணாடித் தடுப்பு, பேட்ஜ், லைசன்ஸ் எல்லாம் இப்படிப்பட்ட சாவுகளைப் பார்த்துப் படிப்படியாக வந்தவை. அவன் தடுப்புக்குப் பின்னால் நிற்பது சரி. உன்னை முன்னால் நிறுத்திவிட்டு நிற்பதுதான் சரியில்லை.

மலர் எழுதியது:

கடிதம் கொடுத்துவிட்டேன் ஐயா. முதலாளி வாசித்துவிட்டு, யார் எழுதித் தந்தது என்று கேட்டார். நானே எழுதினேன் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுப் பிரதியில் கையெழுத்துப் போட்டார். இனி தாய் தகப்பனையே பிடிக்கச் சொல் என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறார். இன்று ஒரு பிள்ளை வந்தது, தகப்பன்தான் உள்ளே போனார், கதவையும் சாத்தினார்கள். ஆனால் அவருக்கும் அந்த வெடித்த ஏப்ரனைத்தான் போட்டுவிட்டார்கள். கதவுக்குத் தகடு அடிப்பது பற்றிப் பேச்சே இல்லை. தம்பி தகவல் உரிமை விண்ணப்பத்தை எழுதிக்கொண்டிருக்கிறான், கதவையும் அதில் கேட்கலாமா என்கிறான்.

பழைய ரேடியோகிராபர் எழுதியது:

கேட்கலாம். கடைசியாக எப்போது பரிசோதனைக்கு வந்தார்கள், அந்த அறிக்கையில் கதவைப் பற்றி என்ன எழுதினார்கள் என்று கேட்கச் சொல். கையெழுத்துப் போட்டது நல்ல அறிகுறி. மனுஷன் கெட்டவன் இல்லை, கணக்குப் பார்க்கிறவன். ஏப்ரனை ஒரு தடவை மேசையில் விரித்துப் படம் எடுத்துப் பார்க்கும்படி எக்ஸ்ரே எடுக்கிற அந்த அண்ணனிடம் சொல், முதலாளியிடம் வெடிப்பைப் படத்திலேயே காட்டினால் புதுசு வாங்குவதற்கு வாதாட வேண்டியிருக்காது.

ராஜு (லிந்துலை) எழுதியது:

ஐயா, சம்பந்தமில்லாமல் ஒரு கேள்வி. அம்மாவுக்கு மூன்று கிழமையாக இருமல். காச நோய் பார்ப்பதற்கு நெஞ்சுப் படம் எடுக்கச் சொல்கிறார்கள். போன வருஷமும் ஒன்று எடுத்தோம். இந்த 1 மில்லி சீவர்ட் எல்லையைத் தாண்டுமா?

பழைய ரேடியோகிராபர் எழுதியது:

அந்த எல்லை நோயாளிக்குக் கிடையாது தம்பி. நோயாளிக்குச் சட்டம் எல்லை போடுவதில்லை. இந்தப் படம் தேவைதானா என்று டொக்டர் யோசிக்க வேண்டும், தேவை என்றால் முடிந்த அளவு குறைந்த கதிரில் எடுக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. நெஞ்சுப் படம் ஒன்று 0.1 மில்லி சீவர்ட் அல்லது அதற்கும் கீழே. நெஞ்சுக்கு சி.டி. ஸ்கேன் என்றால் 7 மட்டில் வரும், அதைத்தான் சும்மா எடுக்கச் சொல்லிக் கேட்கக் கூடாது. மூன்று கிழமை இருமலுக்குப் படம் எடுக்காமல் இருப்பதுதான் ஆபத்து. சளியும் சோதிக்கக் கொடுக்கச் சொல். போன வருஷப் படத்தையும் கொண்டு போ, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் டொக்டருக்குப் பாதி வேலை குறையும்.